காலை எட்டு முதல் மாலை ஏழு வரை

என் தம்பி பள்ளிவாசலில் எழுந்து நின்று சொன்னதை நான் நேரில் கேட்கவில்லை. அத்தாவை அடக்குவதற்கு முன் நடந்த ஜனாஸா தொழுகைக்கு ஆண்கள் போனார்கள், பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். அவன் குரலில் அதை முதன்முதலாகக் கேட்டது மூன்று நாள் கழித்து, எங்கள் வீட்டுக்குள், கடன் வசூலிக்க வந்தவனின் போனில். நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. கோபத்தில்தான், வேறெதற்கும் இல்லை.

அது என்ன பேச்சு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவர் இறந்துபோனால், உடலை முன்னால் வைத்துத் தொழுவதற்குமுன் மகன் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வான். "எங்க அத்தா யாருக்காவது ஏதாவது குடுக்க வேண்டியிருந்தா எங்கிட்ட வாங்கிக்கங்க. மனசு வந்தா மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான். கடனோடு மனுஷன் மண்ணுக்குள் போகக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். என் தம்பிக்கு இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்கிற வேலை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிற பிள்ளை. அன்றைக்கு அழாமல், திக்காமல் சொன்னானாம். வந்து சொன்னவர்கள் எல்லோரும் அதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள்.

அத்தா சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் முப்பத்தொரு வருஷம் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். தாத்தா காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்த குடும்பம். ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

தம்பி சொன்ன வார்த்தையைக் கேட்டு ஆட்கள் வரத்தான் செய்தார்கள். டீக்கடைக்காரர் வந்து, "பாய் கணக்குல எழுபது ரூபா இருக்குது, அதை நான் அப்பவே விட்டுட்டேன், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். தெருமுனை முட்டைக்கடைக்காரர் தொழுகையில் முன்வரிசையில் நின்றவர். அவர் கடன் நூற்றறுபது ரூபாய். "ஹலாலாக்கிட்டேம்மா, தர வேணாம், மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லி, போகும்போது இரண்டு அட்டை முட்டையும் வைத்துவிட்டுப் போனார். கடை முதலாளிக்கு மூவாயிரம் முன்பணம் பாக்கி. தம்பி எடுத்து நீட்டினான், அவர் வாங்கிக்கொண்டார். அது அவர் உரிமை.

மூன்றாம் நாள் வந்தவன் சலாம் சொல்லிக்கொண்டு வந்தான். முப்பது வயது இருக்கும், தோளில் கருப்புப் பை. தானும் தொழுகையில் நின்றதாகச் சொன்னான். அத்தாவைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொன்னான். உட்காரச் சொன்னோம், டீ கொடுத்தோம். சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னான். அதைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. துக்க வீட்டில் உட்கார்ந்து, சர்க்கரை அளவு சொல்லி, டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பையைத் திறந்தான்.

ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் வசூல் ஆள் அவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்ததே, அதற்கு அத்தா அந்தக் கம்பெனியில் கடன் வாங்கியிருந்தார். எங்களுக்குக் கடையில் கொடுத்த பணம் என்று சொல்லியிருந்தார். மாதத் தவணை தவறாமல் கட்டி வந்திருக்கிறார். இன்னும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மீதி.

"எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க, பார்க்கலாம்" என்றான் தம்பி.

"பார்க்கலாம்னா எப்டி பாய்? நீங்கதான ஒத்துக்கிட்டீங்க?" என்று சொல்லி, போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டான். பள்ளிவாசல். வெள்ளைத் துணி போர்த்திய அத்தா. பக்கத்தில் என் தம்பி. "...எங்கிட்ட வாங்கிக்கங்க." அங்கேயே நிறுத்தினான். "அல்லா வீட்டுல நின்னு சொன்ன வாக்கு. நூறு பேர் சாட்சி. கடன் தீர்ற வரைக்கும் செத்தவங்க ரூஹு வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவுலயே நிக்கும், உங்களுக்கே தெரியும்."

ஒரு மய்யித்துக்கு, இறந்தவர் உடலுக்கு, முன்னால் கை கட்டி நிற்க வேண்டிய நேரத்தில், அந்தக் கையில் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறான் பாவி. தொழ வந்தானா, சாட்சி சேகரிக்க வந்தானா? எங்கள் மொழி தெரிந்தவன், எங்கள் வழக்கம் தெரிந்தவன் என்றுதான் அந்தக் கம்பெனி அவனை எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு அனுப்புகிறது என்பது பிறகு தெரிந்தது. எந்த வீட்டில் எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தவனைத் தேடி வேலைக்கு வைக்கிறார்கள். இதற்கு இன்டர்வியூ எல்லாம் வேறு நடக்குமாக்கும்!

அன்றிலிருந்து போன் ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி பத்துக்கு ஒரு தடவை. தம்பி எடுக்காவிட்டால் எனக்கு. நான் காக்ஸ் டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறவள். அந்த ஆஸ்பத்திரி நம்பருக்கே கூப்பிட்டு, "உங்க ரிசப்ஷன் மேடம் அப்பா கடன் வாங்கி ஏமாத்திட்டாரு, சொல்லி வைங்க" என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறான். ஏமாற்றினாராம்! ஒரு தவணை தவறாதவர். செத்துப்போனது ஏமாற்றா? தம்பியின் மேலதிகாரிக்கும் போன் போயிருக்கிறது. அவர் தம்பியைக் கூப்பிட்டு, "பர்சனல் விஷயம் ஆபீசுக்கு வரக்கூடாது" என்று இங்கிலீஷில் சொன்னாராம். யார் விஷயத்தை யார் ஆபீசுக்குக் கொண்டுவந்தது?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அம்மா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பார், அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். தம்பி வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவன் வருவான். கதவைத் தட்டிவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசுவான். அம்மா வெளியே வந்து பதில் சொல்ல மாட்டார், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக மாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். சாயந்திரம் நான் வேலை முடிந்து போனால், "இன்னைக்கும் வந்துட்டுப் போனான்" என்பார். தன் ஆபரேஷனுக்காக வாங்கிய கடன் என்று தெரிந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "என் வயித்தைக் கிழிச்சதுக்குத்தான அவர் அங்க தொங்கிக்கிட்டு இருக்காரு" என்று ஒரு நாள் சொன்னார். அந்த வார்த்தையை அவர் வாயில் போட்டவன் யார்?

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். அவனுக்கு எங்கள் வீடு அப்படி. முதலில் பத்தாயிரம் கேட்டான். "இதைக் குடுத்தா ஒரு மாசம் யாரும் வரமாட்டாங்க, நான் மேல பேசிக்கிறேன்" என்றான். தம்பி கொடுத்தான். அடுத்து எட்டாயிரம். அதில் ஐந்தாயிரம் நான் கொடுத்தது. ஆமாம், இவ்வளவு வாய் பேசுகிற நானும்தான் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன். வாசலில் சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. இரண்டு தடவையும் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் வைத்து ரொக்கமாக வாங்கிக்கொண்டான்.

"ரசீது வாங்கினியாடா?" என்று பிறகு கேட்டேன்.

"பள்ளிவாசல்ல சொன்ன வாக்குக்கு ரசீது கேக்கறதா அக்கா?" என்றான்.

இப்படி ஒரு தப்பை எங்கள் வீட்டில்தான் செய்வோம். தம்பி மனதில் அது அத்தாவுக்கும் அல்லாவுக்கும் நடுவில் இருக்கிற விஷயம். வாங்குகிறவனுக்கோ அது அந்த மாதத்துச் சில்லறை. குனியக் குனியக் கொட்டத்தானே செய்வான்?

பதினெட்டாயிரம் வாங்கியவன் மூன்றாவதாக ஒரு காகிதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். தம்பி பெயரில் புதிதாக ஒரு கடன். அந்தப் பணத்தில் அத்தாவின் கடன் அடையும். தம்பி மாதாமாதம் சம்பளத்தில் நாலு வருஷம் கட்டினால் போதும். "அத்தா பேரு சுத்தமாயிடும் பாய். ஞாயித்துக்கிழமை பேப்பரோட வரேன், ஒரே ஒரு சைன்தான்." தம்பி சரி என்று சொல்லிவிட்டான். என்னிடம் சொன்னது வியாழக்கிழமை ராத்திரி, அதுவும் அம்மா சொல்லச் சொன்னதால்.

"சம்பளத்துல ஒரு பங்கு போயிடும். வீட்டு வாடகை எங்கேர்ந்து குடுப்பே? அம்மா மருந்து?"

"ஓவர்டைம் பண்றேன்."

"உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமாடா?"

"அத்தா அங்க நிக்கிறாரு அக்கா" என்றான். கையெழுத்து ஒன்றுதான் மீதி, அது விழுந்துவிட்டால் என் தம்பி நாலு வருஷத்துக்கு அந்தக் கம்பெனியின் ஆள் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி கொடுக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு வரும் ஒரு நோயாளி எப்போதோ சொன்னது நினைவிருந்தது. பெண் என்றால் சம்பளம் எவ்வளவு என்றுகூட அங்கே கேட்பதில்லை. இதை எனக்கு நாற்பது வயது வரை யாரும் சொல்லவில்லை பாருங்கள்! ரேஷன் கடையில் எந்தத் தேதி சர்க்கரை போடுவார்கள் என்பதெல்லாம் தெரியும், இது தெரியாது.

அங்கே இருந்த வக்கீல் என்னைவிடப் பத்து வயது சின்னவள். கடுமையான ஜலதோஷம், கையில் கைக்குட்டை. பாதி கன்னடம், பாதி தமிழ். நான் கொட்டித் தீர்த்ததை எல்லாம் கேட்டுவிட்டு முதலில் கேட்டது ஒன்றுதான். "தம்பி சைன் மாடித்தாரா?"

"இன்னும் இல்ல. ஞாயித்துக்கிழமை."

"தேவரு தொட்டவனு" என்றாள். கடவுள் பெரியவர் என்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சைன் போட்டிருந்தா நான் ஒன்னும் பண்ண முடியாது அக்கா. இப்ப நீங்க அவங்களுக்கு ஒரு ரூபாகூட குடுக்கணும்னு இல்ல" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். அப்பா வாங்கிய கடனில் பிள்ளை கையெழுத்துப் போடவில்லை, ஜாமீனும் நிற்கவில்லை. அப்பா விட்டுப்போன சொத்து எவ்வளவோ அதிலிருந்துதான் கம்பெனி கேட்கலாம். அத்தா விட்டுப்போனது ஒரு பழைய ஸ்கூட்டரும் வங்கியில் ஒன்பதாயிரமும். "அதுக்கு மேல உங்க தம்பி சம்பளத்தை அவங்க தொட முடியாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு உங்க தமிழ்லயே சொல்வாங்களே" என்றாள். பள்ளிவாசலில் தம்பி சொன்னதைப் பற்றிக் கேட்டேன். "அது ஊர் முன்னாடி அவர் சொன்ன நல்ல வார்த்தை. கம்பெனியோட போட்ட ஒப்பந்தம் அல்ல. அவரா விரும்பிக் குடுத்தா அது வேற விஷயம். மிரட்டி வாங்க முடியாது."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை மணிக்குக் கூப்பிடுகிறான்? காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கூப்பிடவே கூடாது. அது நாட்டின் மத்திய வங்கி போட்ட விதி. அடையாள அட்டை காட்டினானா? கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதம் காட்டினானா? ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் எப்படிப் போன் செய்யலாம்? துக்க வீட்டுக்கு எப்படிப் போகலாம்? நான் இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இத்தனை விதி இருக்கிறது, அத்தனையும் அவனுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. கேட்கிறவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடியுது என்பானாம். நாங்கள் நெய் வடிகிறதா என்று ஏனம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள்.

"கடன் பேப்பர் இருந்தா எடுத்துட்டு வாங்க. நாளைக்கும் இருப்பேன்" என்றாள்.

அத்தாவின் காகிதம் எல்லாம் ஒரு ரெக்சின் பையில் இருந்தது. இறந்த நாளிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. அம்மா எடுத்துக் கொடுத்தார். உள்ளே வாடகை ஒப்பந்தம், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், தவணை கட்டிய ரசீதுகள் மாத வாரியாக நூலில் கோத்து. கடன் பத்திரம் பன்னிரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அத்தாவுக்கு இங்கிலீஷில் எண் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டிக் கடைப் பெயர் படிப்பார். பன்னிரண்டு பக்கத்திலும் கீழே அவருடைய தமிழ்க் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக.

சனிக்கிழமை வக்கீல் அதைப் புரட்டினாள். நாலாவது பக்கத்தில் விரலை வைத்தாள்.

"அக்கா, இந்தக் கடனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு."

கடன் கொடுத்த அன்றைக்கே அதிலிருந்து ஐயாயிரத்து இருநூறு ரூபாய் பிடித்திருக்கிறார்கள். கடன் வாங்கியவர் நடுவில் இறந்துவிட்டால் மீதியை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். அத்தாவின் பணத்தில் அத்தாவுக்காகக் கட்டிய பிரீமியம். வீட்டார் செய்ய வேண்டியது இறப்புச் சான்றிதழைக் கொடுப்பது. அதை எங்களிடம் கேட்க வேண்டியது அந்த ஃபைனான்ஸ் கம்பெனி. அவர்கள் அனுப்பியதோ டீ குடிக்கிற ஆளை.

நான் அங்கேயே சத்தம் போட்டுவிட்டேன். எதிரே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! என் அம்மா திரைக்குப் பின்னால் நின்று நின்று பாதி ஆளாகிப்போனார். என் தம்பி நாலு வருஷத்தை எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தான். எல்லாம் நாலாவது பக்கத்தில் தீர்ந்துபோன கடனுக்காக. அத்தா நடுவிலும் நிற்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. தன் கடனுக்கு வழி செய்துவிட்டுத்தான் போயிருந்தார், அது அவருக்கே தெரியாது என்பதுதான் கொடுமை.

"அப்ப புதுக் கடன் வாங்க வெக்கறதுல அந்த வசூல் ஆளுக்கு என்ன லாபம்?" என்றேன்.

"புதுக் கடன் பிடிச்சுக் குடுத்தா கமிஷன் அக்கா" என்றாள் வக்கீல், ஏதோ பஸ் நம்பர் சொல்வதுபோல.

தம்பியிடம் சொன்னால் முதலில் நம்பவில்லை. இன்சூரன்ஸ் சரி, வாக்கு என்ன ஆவது என்றான். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தேன். அவர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "மய்யித் விட்டுப் போனதுல இருந்துதான் முதல்ல கடன் தம்பி. அவர் பணம் கட்டி வெச்சிருக்காருன்னா அதுல இருந்து எடுத்துக்கட்டும். உங்கிட்ட மிரட்டி வாங்கறதுக்கு மார்க்கத்துல இடமே இல்ல." தம்பி போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போனான். ரொம்ப நேரம் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்த வசூல் ஆள் வந்தான். கூடத் தடியாக இன்னொருத்தன். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி எனக்குப் பின்னால். அம்மா திரைக்கு அந்தப் பக்கம்.

"உங்க ஐடி கார்டு காட்டுங்க" என்றேன்.

சிரித்தான். "என்னா அக்கா, என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும். அதான் கேக்கறேன். கார்டு, கம்பெனி லெட்டர், ரெண்டும்."

"லேடீஸ்கிட்ட பேச வரல நான். பாய், நீங்க வாங்க, சைன் பண்ணுங்க, முடிச்சிடலாம்" என்று என் தலைக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தான். தம்பி அசையவில்லை. உடனே வசூல் ஆள் போனை எடுத்தான். இந்தத் தடவை சத்தத்தை முழுசாக வைத்து, தெருவைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தான். "...எங்கிட்ட வாங்கிக்கங்க." பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. முட்டைக்கடைக்காரர் கடையை விட்டு வந்துவிட்டார்.

"அதுக்கப்புறம் அந்தப் புள்ள சொன்னது எங்கே?" என்றார் அவர். "மனசு வந்தா மன்னிச்சிடுங்கன்னு சொன்னான். நான் முன்வரிசையில நின்னேன். அதை எதுக்குடா வெட்டினே?"

நானும் என் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, மணி பதினொன்னு, இவர் கார்டும் காட்டல, லெட்டரும் காட்டல" என்று சொல்லிக்கொண்டே பிடித்தேன். கூட வந்த தடியன் மெதுவாகப் பைக் பக்கம் போய்விட்டான். "பத்திரம் நாலாம் பக்கம். இன்சூரன்ஸ். அதைப் பத்தி எங்க அம்மாகிட்ட என்னைக்காவது சொன்னியா? எங்க வீட்டு டீயைக் குடிச்சியே, அப்பவாவது சொன்னியா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். ஆச்சரியம் இல்லை. அவனுக்கு முன்பே தெரியும்.

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லைக்கா" என்றான்.

அடப்பாவி! ஒரு குடும்பத்தைப் பிழிவது அவன் டிபார்ட்மென்ட், விடுவிப்பது வேறு டிபார்ட்மென்ட். கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரை வந்தது. போன் ஓடிக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டேன். அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. இத்தனை வாரத்தில் அவனிடம் அவர் பேசிய ஒரே வார்த்தை. "இனிமே இந்த வாசல்ல ஏறாதே." அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கடிதங்கள். இறப்புச் சான்றிதழ், பத்திரத்தின் நகல், போன் வந்த நேரங்களின் பட்டியல், என் வீடியோ, ரசீதில்லாமல் போன பதினெட்டாயிரம் என்று எல்லாவற்றையும் வக்கீல் எழுதி அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினாள். ஒரு மாதம் பதிலே இல்லை. பிறகு மத்திய வங்கியின் குறைகேட்பு அதிகாரிக்கு ஆன்லைனில் புகார் போட்டோம். அதற்கு வக்கீல்கூட வேண்டியதில்லை, நானே ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் போட்டேன். அப்புறம் பாருங்கள் மரியாதையை! மேடம் என்ன, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்ன. இன்சூரன்ஸ் பணம் வந்து கடன் முடிந்ததாக லெட்டர் வந்தபோது அம்மாவின் இத்தா முடிய ஒன்பது நாள் இருந்தது. தம்பியை அந்த ஒரு வரியை மூன்று தடவை தமிழில் சொல்லச் சொன்னார். அன்று ராத்திரி தட்டில் போட்ட சோறு முழுவதையும் சாப்பிட்டார்.

பதினெட்டாயிரம் மட்டும் யார் கணக்கிலும் இல்லை. கம்பெனி, அப்படி எங்களுக்கு வரவே இல்லை என்றது. அது உண்மையாகத்தான் இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தம்பி வெளியே வரும்போது அந்த வசூல் ஆள் நின்றுகொண்டிருந்தானாம். வேலை போய்விட்டது. "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க பாய், மன்னிச்சிடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டானாம். என் தம்பி இளகிய மனசுக்காரன், அங்கேயே மன்னித்திருப்பான். நல்லவேளை, "எங்க அக்காகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டான்.

நான் சொல்லி அனுப்பினேன். மன்னிப்பு அப்புறம், முதலில் கடன். நீ எங்களுக்குப் பதினெட்டாயிரம் தரணும்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பத்தரை மணிக்கு அவனுக்குப் போன் செய்கிறேன். காலை எட்டுக்கு முன்னால் செய்ததில்லை, மாலை ஏழுக்குப் பின்னால் செய்ததில்லை. நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுவேன். அவன் அம்மாவின் நம்பர் முட்டைக்கடைக்காரரிடம் இருக்கிறது, வாங்கியதில்லை. இப்போது வேலை செய்கிற கடை எது என்று தெரியும்; போனதில்லை. ஆயிரமோ ஐந்நூறோ முட்டைக்கடையில் வந்து தருவான். இதுவரை பதினோராயிரம் வந்திருக்கிறது.

முதல் தடவை ஆயிரம் ரூபாய் தந்தபோது நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கிழித்து நீட்டினேன். அவன் அதை விழித்துப் பார்த்தான்.

"இது எதுக்குக்கா?"

"நாளைக்கு நீ போனா உன் மகன் பள்ளிவாசல்ல எழுந்து நிக்கணுமில்ல? அப்ப அவன் கையில இது இருக்கட்டும்" என்றேன்.

அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.